ஒரு ‘ம’வுக்காக வாங்குன விசில்

மொதல்லயே சொல்லிடறேன், இது குக்கர் விசில் இல்ல, பஸ் கண்டக்டர் ஊதற விசிலும் இல்ல. டின் விசில். பென்னி விசில்னும் சொல்லுவாங்க. ஸ்கூல் பசங்க ஸ்கேல் நீளத்துக்கு ஒரு குழாய், மேல ஆறு ஓட்டை, நுனில வாய வச்சு நேரா ஊதற மாதிரி ஒரு மூக்கு, அவ்ளோதான் சமாச்சாரம். அயர்லாந்து பாட்டுல துள்ளித் துள்ளி மேலயே போயிக்கிட்டு இருக்குமே ஒரு குழல் சத்தம், அது இதுதான். விசில் வாங்கப் போறேன்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரர் "அஞ்சு லிட்டருக்கா மூணு லிட்டருக்கா"ன்னு கேட்டு அவரே சிரிச்சுக்கிட்டார். விலைய சொன்னேன், சிரிப்பு நின்னுபோச்சு. டியூட்டி கீட்டி எல்லாம் சேத்து 11,000 ரூபாய்க்கு கொஞ்சம் கம்மி.

சீட்டு எடுத்த காசு. எனக்கு 47 வயசு ஆகுது, இதுவரைக்கும் எனக்குன்னு வாங்குன எதையும் யோசிச்சுப் பாத்தா அது வேற யாருக்காகவோதான் இருக்கு, புடவைனா யார் வீட்டு கல்யாணத்துக்கோ கட்ட, வளையல்னா பின்னால பொண்ணுக்கு ஆகும்னு, செல்போன் கூட பையன் பழசாக்கிக் கொடுத்ததுதான். இந்த தடவ சீட்டுக் காசுல ஒரு பங்க எடுத்து தனியா வச்சுட்டேன், யாரையும் கேக்கல. எங்க அத்தைக்கு மட்டும் இன்னும் உறுத்தல், அந்த காசுக்கு தங்கமா எடுத்து வச்சிருக்கலாமேன்னு. எடுத்திருக்கலாம்தான், பீரோவுல கெடக்கும்.

சரி, எனக்கு எதுக்கு விசில்னு சொல்லணும் இல்ல. எங்க அண்ணன் பையன் டப்ளின்ல வேலைக்கு போனவன் லீவுல வந்தப்ப பசங்களுக்கு வெளயாட ஒரு விசில் வாங்கிட்டு வந்தான், அங்க சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு விக்கற கடைல எடுத்தது. எங்க பசங்க ரெண்டு நாள் ஊதி தெரு நாய் எல்லாத்தையும் எழுப்பிட்டு தூக்கிப் போட்டுட்டாங்க. நான் சின்ன வயசுல மூணு வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ. ஒரு நாள் சாயந்தரம் சும்மா எடுத்து எல்லா ஓட்டையும் மூடி ஊதி ஒவ்வொரு விரலா தூக்கிக்கிட்டே போனா, அடடா, சங்கராபரணம் ராகம் அப்படியே ஏறி வருது. அரை விரல் வைக்க வேணாம் ஒண்ணும் வேணாம், கொழந்த ஏணி ஏறற மாதிரி ஏறுது. அன்னைக்கு பிடிச்சதுதான்.

அப்பறம் தோண்டத் தோண்ட ஒண்ணொண்ணா கெடச்சுது. எல்லாம் மூடினா வர்ற சுரத்த ச-ன்னு வச்சா சங்கராபரணம். ஒரு விரல் தூக்கினா வர்றத ச-ன்னு வச்சா கரகரப்ரியா. ரெண்டு விரல் தூக்கினா தோடி. மேல் மூணு ஓட்டைய மட்டும் மூடி அத ச-ன்னு வச்சா கல்யாணி. மேல ரெண்ட மட்டும் மூடினா ஹரிகாம்போதி, ஒண்ண மட்டும் மூடினா நடபைரவி. ச-வ எடம் மாத்தி வச்சா அதே சுரங்கள்ல வேற ராகம் வர்ற இந்த கிரக பேதத்த பாட்டு வாத்தியார் போர்டுல எழுதிக் காட்டுனப்ப எனக்கு ஒரு எழவும் புரியல, முப்பது வருஷம் கழிச்சு இந்த தகரக் குழாய்தான் புரிய வச்சுது. ஆனா ஒண்ணு, நாம மொத மொத கத்துக்கற சரளி வரிசை மாயாமாளவகௌளைல இருக்கும், அது இதுல சுலபமா வராது. சுத்த ரிஷபம், சுத்த தைவதம்னு கீழ எறங்கின ரி-க்கும் த-வுக்கும் அரை ஓட்டை மூடணும், விரல் நடுங்கும். அதனால புதுசா எடுக்கறவங்க மோகனத்துல ஆரம்பிங்க.

புல்லாங்குழலே கத்துக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாச்சு. கத்துப் பாத்தேன். எனக்கு கழுத்து எலும்பு தேய்மானம், தலைய பக்கவாட்டுல திருப்பி அஞ்சு நிமிஷம் வச்சா தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். அதுபோக மூங்கில்ல சத்தம் வர வைக்கறதுக்கே மாசக் கணக்கு ஆகும். இதுல காத்துக்கு வழி ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கு, கொழந்த ஊதினாலும் சத்தம் வரும். அதுல ஒரு நஷ்டமும் உண்டு. புல்லாங்குழல்ல உதட்ட கொஞ்சம் சாச்சு சுரத்த ஏத்தி எறக்கிக்கலாம், இதுல உதட்டுக்கு ஒரு வேலையும் இல்ல. விரலும் மூச்சும் மட்டும்தான். கருவி தப்பா செஞ்சிருந்தா நாம சரிக்கட்ட முடியற எடம் ரொம்ப கம்மி. இத மனசுல வச்சுக்கோங்க, கதையே இதுதான்.

நான் ஊதறது கடலூர்ல எங்க திருப்பாதிரிப்புலியூர்ல வீட்டுக்கு பக்கத்து கோயில் பஜனைல. பொம்பளைங்க பத்து பன்னெண்டு பேரு, ஒரு ஹார்மோனியம், ரெண்டு ஜோடி தாளம். அஞ்சு கட்டைல பாடுவோம், கட்டைன்னா ச-வ எந்த ஒயரத்துல வைக்கறோம்ங்கற சுருதி அளவு. டின் விசில்ல சாதாரணமா எல்லாரும் வச்சிருக்கறது டி சுருதி, அதாவது நம்ம ரெண்டு கட்டை. மேல் மூணு ஓட்டைய மூடினா ஜி, அதாவது அஞ்சு கட்டை. அப்ப ச மூணு விரல்ல உக்காந்துடும். அதுக்கு கீழ எல்லாம் மூடினா மந்த்ர ப, அதாவது கீழ் ஸ்தாயி ப வரைக்கும் போகலாம், மேல ரெண்டாவது ஸ்தாயில ஊதி தார ப, அதாவது மேல் ஸ்தாயி ப வரைக்கும் போகலாம். ப-லேர்ந்து ப வரைக்கும் ரெண்டு ஸ்தாயி. நம்ம பாட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும். யாரோ அயர்லாந்துக்காரன் நம்ம பஜனைய நெனச்சு அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும்.

எல்லாம் சரி, ‘ம’ மட்டும் எடக்கு பண்ணும்.

அஞ்சு கட்டைல வச்சா இயல்பா வர்றது பிரதி மத்யமம், ரெண்டு ம-ல மேல இருக்கறது. ஆறு விரலையும் தூக்கிட்டா போதும், கல்யாணி ம வந்துடும். ஆனா பஜனைப் பாட்டுல முக்காவாசி சுத்த மத்யமம், அரை சுரம் கீழ இருக்கற ம. அதுக்கு மேல் ஓட்டைய தெறந்துட்டு அதுக்கு அடுத்த ரெண்டையும் மூடணும். இந்த பிடி எல்லா விசில்லயும் ஒரே மாதிரி பேசாது. ஓட்டை பெருசா இருந்தா மூடின ரெண்டு விரல் போதுமான அளவு சுரத்த எறக்காது, சிறுசா இருந்தா எறக்கும். செய்யறவங்க அந்த ஒரே ஓட்டைய வச்சு ரெண்டு மவையும் சமாளிக்கணும், ஒண்ணுக்கு பாத்தா இன்னொண்ணு கெட்டுப்போகும். என்கிட்ட இருந்த பழைய விசில்ல சுத்த மத்யமம் முப்பது சென்ட் ஏறி நிக்கும் (நூறு சென்ட்னா ஒரு அரை சுரம்). அது சங்கராபரணமும் இல்ல, கல்யாணியும் இல்ல, ரெண்டுங்கெட்டான். ஹார்மோனியம் வாசிக்கற அக்கா ரொம்ப நாள் பொறுத்துக்கிட்டு ஒரு வெள்ளிக்கெழம எல்லார் முன்னாலயும், "அந்த எடத்துல மட்டும் நீ ஊதாதம்மா, நாங்க பாடிக்கறோம்"னு சொல்லிட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு சோறு எறங்கல.

ஓட்டைல செல்லோடேப்ப பாதி ஒட்டி சின்னதாக்கிப் பாத்தேன். சுத்த மத்யமம் எறங்கி சரியா வந்துச்சு, ஆனா கூடவே பிரதி மத்யமமும் எறங்கிடுச்சு. சங்கராபரணத்த சரி பண்ணப்போய் கல்யாணி போச்சு. வேற வழி, மேல் ஓட்டைய அரை விரலால மூடறது. மெதுவான பாட்டுக்கு ஓகே, நாமாவளி வேகம் எடுத்துச்சுன்னா விரல் வழுக்கும், வேர்வை வேற.

அப்பதான் முடிவு பண்ணேன், ஒண்ணு வாங்கினா இந்த ம-வுக்காகத்தான் வாங்கணும்னு.

பாண்டில மூணு மியூசிக் கடை ஏறி எறங்கினேன். கிடார் இருக்கு, கீபோர்டு இருக்கு, சுருதிப் பெட்டி இருக்கு. டின் விசில்னு கேட்டா ஒரு கடைல பையன் ரெக்கார்டர எடுத்து வச்சு "ரெண்டும் ஒண்ணுதான்க்கா"ன்னான். இல்ல தம்பி, இதுல முன்னால ஏழு ஓட்டை, பின்னால கட்டை விரலுக்கு ஒண்ணு, விரல் பிடியே வேறன்னு சொன்னேன். "அப்ப ஓட்டை அதிகமா இருக்கறது நல்லதுதானக்கா"ன்னு திருப்பிக் கேட்டான். பதில் சொல்லத் தெரியல, வந்துட்டேன்.

நெட்ல பாத்தா வீடியோவுல எல்லாமே தேன் மாதிரி இருக்கு. அங்கதான் ஏமாறுவோம். ஊதறவங்க நல்லா ஊதறவங்களா இருந்தா ஒட்டடைக் கம்புல கூட நல்லா ஊதுவாங்க. மேரி பெர்ஜின்னு ஒரு அம்மா, டின் விசில்னாலே அங்க எல்லாரும் அவங்க பேரத்தான் சொல்லுவாங்க, அவங்க விரல் போற வேகத்த பாத்து எந்த விசில வாங்கறதுன்னு முடிவு பண்ணா நாம பணத்த கடல்ல போட்ட மாதிரி. மைக்கோ ரஸ்ஸல்னு இன்னொருத்தர், டூலின் கிராமத்து விவசாயி, அவர் ஊதறது அலட்டலே இல்லாம நம்ம ஊர் பெருசுங்க திண்ணைல உக்காந்து கத சொல்ற மாதிரி இருக்கும். எனக்கு அவர்தான் பிடிச்சுது. ஆனா அவர் ஊதறத கேட்டும் ம எப்படி இருக்கும்னு கண்டுபிடிக்க முடியல.

ஜூன் 21 பாண்டில மியூசிக் டே. பிரான்ஸ்ல 1982ல ஆரம்பிச்ச பழக்கம், இங்கயும் அந்த சமயத்துல அங்கங்க தெருவுல பாடுவாங்க வாசிப்பாங்க. பொண்ணோட போயிருந்தேன். பாரதி பூங்கா பக்கம் வர்றப்ப காதுல அந்த சத்தம் விழுந்துச்சு, ஒரு வயசான வெள்ளைக்காரர், ஆரோவில் பக்கம் இருக்கறவராம், ஒரு கிடார் பையனோட உக்காந்து ஊதிக்கிட்டு இருந்தார். முடிக்கற வரைக்கும் நின்னு போய் பேசினேன். நான் திக்கித் திக்கி இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா அவர் "சொல்லுங்கம்மா"ன்னு தமிழ்ல சொல்றார். பைலேர்ந்து மூணு விசில எடுத்து வச்சு ஊதிப் பாருங்கன்னு கொடுத்தார். வாய் வைக்கற சாமான், எனக்கே கூச்சமா இருந்துச்சு, அவரே ஒரு துணில தண்ணி நனைச்சு தொடச்சு கொடுத்தார். நான் செல்போன்ல தம்பூரா ஆப்ப அஞ்சு கட்டைல போட்டுட்டு மூணுலயும் ஒரே ஒரு சுரத்த மட்டும் நீட்டி நீட்டி ஊதறேன். என் பொண்ணு மானம் போகுதுன்னு தள்ளிப் போய் நின்னுக்கிட்டா. அவர் மட்டும் புரிஞ்சுக்கிட்டு தலையாட்டினார், அவங்க பாட்டுலயும் இந்த சுரம் அடிக்கடி வருமாம், அவரும் எந்த விசில எடுத்தாலும் மொதல்ல இதத்தான் பாப்பாராம்.

மொத விசில் கிளார்க் ஒரிஜினல். இதுதான் இந்த விசில் வகைக்கே பாட்டன். 1843ல ராபர்ட் கிளார்க்னு ஒரு இங்கிலாந்துக்காரர் ஆரம்பிச்சது, தகரத் தகட்ட கூம்பா சுருட்டி வாய்ல ஒரு மரக்கட்டைய சொருகி செஞ்சது. இன்னைக்கும் அதே மாதிரிதான், கருப்பு பெயின்ட்ல தங்கக் கலர் டைமண்ட் போட்டு. முதுகுல தகடு சேர்ற கோடு விரல்ல தட்டுப்படும். சத்தத்துல காத்து கலந்து வரும், மொறத்துல அரிசி பொடைக்கறப்ப வர்ற மாதிரி ஒரு ‘ஸ்ஸ்’ கூடவே ஓடும். எனக்கு அது ரொம்ப பிடிச்சுது, குரலோட சேத்தா அழகா இருக்கும். ஆனா மூச்ச நெறைய கேக்கும், அதவிட முக்கியம் சுருதிய நகத்த வழியில்ல, அது எந்த சுருதில இருக்கோ அதுதான். எங்க பஜனை ஹார்மோனியம் தாத்தா காலத்து சாமான், அது ஒரு தனி உலகத்துல இருக்கு, அதோட நாமதான் போய் சேரணும்.

ரெண்டாவது பித்தளை. நல்ல கனம், நல்ல சத்தம், ம கூட கிட்டத்தட்ட சரி. பித்தளைய கைல வச்சதும் எனக்கு எங்க வீட்டு குத்துவிளக்குதான் ஞாபகம் வந்துச்சு. எங்க ஊருக்கு தேவனாம்பட்டினத்துலேர்ந்து உப்புக்காத்து வந்துக்கிட்டே இருக்கும், ஜன்னல் கம்பி உரியும், ஃபேன் றெக்கை புள்ளி புள்ளியா துரு பிடிக்கும், விளக்க வெள்ளிக்கெழம புளி போட்டு தேச்சா அடுத்த வெள்ளிக்குள்ள கருத்துடும். இதுக்கு மேல விசிலுக்கு வேற புளி கரைக்க என்னால ஆகாது. வாய் வைக்கற சாமான்ல பச்சக் களிம்பு பிடிச்சா அது வேற பயம்.

மூணாவது அலுமினியம். குழாயும் அலுமினியம், தலையும் அலுமினியம், வாய்க்குள்ள காத்து போற எடத்துல மட்டும் டெல்ரின்னு ஒரு கெட்டி பிளாஸ்டிக் கட்டை, தண்ணி குடிக்காதாம். தலை தனியா கழலும், இழுத்தா சுருதி எறங்கும், தள்ளினா ஏறும். தம்பூராவ போட்டு ம ஊதினேன். நின்னுச்சு. அவ்ளோதான் சொல்ல முடியும், சாமி மேல போட்ட பூ மாதிரி போய் அங்க உக்காந்துச்சு. விரல கீழ வச்சேன், ப. இதுல ஒரு அழகு பாருங்க, சுத்த மத்யமத்துலேர்ந்து ப-வுக்கு போக மேல் கைய அசைக்கவே வேணாம், கீழ்க்கை மூணு விரலையும் மொத்தமா வச்சா ப வந்துடும், மூச்ச மட்டும் ஒரு நூல் அழுத்தணும். பழைய விசில்ல ம-வே தப்பா இருந்ததால இந்த பாதை இருக்கறதே எனக்கு தெரியாம போச்சு. ம ப ம ப-ன்னு ஒரு நிமிஷம் அங்கயே நின்னு ஊதிக்கிட்டு இருந்தேன், கிடார் பையன் கொட்டாவி விட்டான்.

அந்த மூணாவத செஞ்ச ஆளுகிட்டதான் அந்த மாதிரியே ஒண்ணுக்கு சொன்னேன், அயல்நாட்டுல ஒரு சின்னப் பட்டறைல செஞ்சு விக்கறாங்க. பேர் போடாததுக்கு காரணம் இருக்கு, கீழ ரெண்டு மூணு குறை சொல்லப் போறேன், கையால செய்யற ஆளு, என் ஒரு பீஸ வச்சு அவங்க பொழப்ப கெடுக்க வேணாம். நீங்க தேடறப்ப பேரு முக்கியமே இல்ல: அலுமினியம், டி, தலை கழண்டு சுருதி மாத்தறது, இந்த மூணையும் சொல்லி தேடுங்க, அந்த சுத்த மத்யமம் எப்படி இருக்கும்னு மெயில் போட்டு கேளுங்க. பதில் ஒழுங்கா வந்தா வாங்குங்க. எனக்கு ரெண்டு நாள்ல வந்துச்சு.

வர்றதுக்கு அஞ்சு வாரம் ஆச்சு. கஸ்டம்ஸ்ல நின்னுச்சு, என்ன சாமான்னு விளக்கம் கேட்டு மெசேஜ், ‘மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்’னு எழுதி அனுப்பினேன், அப்பறம் டியூட்டி. கொண்டுவந்து கொடுத்த தம்பி பாக்கெட்ட தூக்கிப் பாத்துட்டு "இன்னாக்கா இது, அகர்பத்தியா? இதுக்கா இவ்ளோ டியூட்டி"ன்னு கேட்டுக்கினே கையெழுத்து வாங்கினான். டப்பா ஒரு பக்கம் நசுங்கி இருந்துச்சு, உள்ள ஒண்ணும் ஆகல, நல்லா சுத்தி வச்சிருந்தாங்க.

இப்ப எட்டு மாசம் ஆகுது. ஊதி ஊதி தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன்.

பழைய விசில்ல ரெண்டாவது ஸ்தாயிக்கு போறதுன்னா சண்டை. அழுத்தி ஊதணும், ஊதினா கத்தும், கத்துதேன்னு கொறச்சா பொத்துனு கீழ விழுந்துடும். இதுல உள்ள காத்து கொஞ்சம் எதிர்த்து நிக்குது, நாம கொடுக்கற மூச்ச வாங்கி கைல வச்சுக்கிட்டு கேக்கற அளவு செலவு பண்ற மாதிரி இருக்கு. ஒரே மூச்சுல ஒரு முழு அடி பாடி முடிக்க முடியுது. அதுக்காக நான் பெரிய வித்வான் ஆயிட்டேன்னு அர்த்தம் இல்ல, பழைய தப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கு, ஆனா இப்ப தப்பு வந்தா அது என் தப்புன்னு தெரியுது. முன்னாடி யார் மேல பழி போடறதுன்னே தெரியாது.

கமகம், அதாவது சுரத்த ஆட்டறது வழுக்கறது எல்லாம் வருமான்னு கேக்கறவங்களுக்கு: வரும், ஆனா விரல்ல மட்டும்தான் வரும். ஓட்டை மேல விரல உருட்டி மெதுவா தெறந்தா ஒரு வழுக்கல் கெடைக்கும், ரி-லேர்ந்து க-வுக்கு ஏறறது அழகா இருக்கு. தோடி காந்தாரத்த ஆட்டணும்னு ஆசப்படாதீங்க. அவங்க ஊர் பாட்டுல ஆட்டறத விட சுண்டறதுதான் அதிகம், ஒரே சுரம் ரெண்டு தடவ வந்தா நடுவுல மேல ஒரு விரல டக்குனு தூக்கி வைக்கறாங்க, காதுக்கு ஒரு சொடக்கு மாதிரி கேக்கும். அத நாமாவளில போட்டுப் பாத்தேன், தாளக்கார அக்கா திரும்பிப் பாத்தாங்க. அவங்க ஜிக்னு சொல்றது நம்ம தகிட தகிட, ரீல்னு சொல்றது தகதிமி தகதிமி, இத தெரிஞ்சுக்கிட்டா அந்த ஊர் பாட்டு எல்லாம் பாதி கத்துக்கிட்ட மாதிரி.

குறைக்கு வரேன். மந்த்ர ப, அதாவது எல்லா ஓட்டையும் மூடற சுரம், மெலிசு. கொஞ்சம் அழுத்தினா மேல் ஸ்தாயிக்கு தாவிடுது. பன்னெண்டு பேரு பாடறப்ப அந்த சுரம் எனக்கே கேக்காது. மேல தார க-வுக்கு மேல போனா காது குடையும், எங்க அத்தை டிவி சவுண்ட ஏத்துவாங்க, அதான் சிக்னல். வீட்ல ஊதறப்ப மூக்குக்கு கீழ சன்னல் மாதிரி வெட்டியிருக்கற, காத்து வெளிய வர்ற ஓட்டையோட ஓரத்துல ஒரு துளி டேப் ஒட்டினா சத்தம் நல்லா கொறையும், சுரமும் கொஞ்சம் செத்துப்போகும், ராத்திரி எட்டு மணிக்கு மேல அது பரவால்ல.

அப்பறம் சூடு. இது குளிர் தேசத்து ஆளு, சித்திரை வெயில்ல கடலூர்ல ஒரு வீட்டு ஹால்ல இருபது சென்ட் ஏறி நிக்குது. காத்து சூடாச்சுன்னா சுருதி ஏறும், எல்லா குழலுக்கும் இதே கததான். தலைய ஒரு நெல்லு அளவு வெளிய இழுத்தா சரியாயிடும். நகராத விசில வாங்கியிருந்தா மே மாசம் முழுக்க பெட்டில வச்சிருக்கணும். இன்னொண்ணு எதிர்பாக்காதது, மஞ்சக்குப்பத்துல ஒரு கிரகப்பிரவேச பஜனை, ஏசி போட்ட மினி ஹால். வெளில வேர்த்து விறுவிறுத்து வந்து ஜில்லுனு இருக்கற அலுமினியத்துல மூச்ச விட்டா உள்ள தண்ணி கோத்துக்குது, காத்து போற வழி அடச்சு நடுப் பாட்டுல குரல் போயிடுச்சு, ஜலதோஷம் பிடிச்ச மாதிரி ‘ங்க்’குனு ஒரு சத்தம். முந்தானைல மறச்சுக்கிட்டு உள்ள இழுத்து உறிஞ்சினேன், வேற வழியில்ல. இப்ப ஏசி எடம்னா ஊதறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தலைய மட்டும் உள்ளங்கைல பொத்தி வச்சு சூடாக்கிக்கறேன். பாத்திரம் வெளக்கற லிக்விட ஒரு சொட்டு தண்ணில கலந்து காத்து வழில விட்டு உதறி காய வச்சாலும் தண்ணி முத்து முத்தா நிக்காம வழிஞ்சு போயிடுது, நம்ம கண்ணாடில பண்ற மாதிரிதான்.

தொடைக்கறதுக்கு தனியா குச்சி துணி எல்லாம் நாலு காசுக்கு விக்கறாங்க, வாங்காதீங்க. பழைய வேட்டில ஒரு கீத்து கிழிச்சு வெளக்கமாத்து ஈர்க்குச்சி ரெண்ட சேத்து சுத்தி விட்டா போதும், புது வெளக்கமாறு, அத சொல்ல வேணாம்னு நெனைக்கறேன். உறை நானே தச்சேன், கிழிஞ்ச சுங்குடிப் புடவை தலைப்புல.

அந்த வெள்ளிக்கெழம கதைய முடிக்கணும். புதுசு வந்து மூணு வாரம் நான் யார்கிட்டயும் சொல்லல, வீட்ல மட்டும் ஊதினேன். நாலாவது வாரம் போய் எப்பவும் மாதிரி உக்காந்தேன். அந்த எடம் வந்துச்சு, ஹார்மோனியக்கார அக்கா பழக்கத்துல என் பக்கம் பாக்காம வேகமா தாண்டப் பாத்தாங்க, நான் ம-வ பிடிச்சு நிறுத்தி ஊதினேன். ஒண்ணும் சொல்லல. பாட்டு முடிஞ்சு சுண்டல் கொடுக்கறப்ப, "என்ன மாத்துன?"ன்னு கேட்டாங்க. விசில காட்டினேன், வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பாத்து விலை கேட்டாங்க. மூவாயிரம்னு சொல்லிட்டேன். அது என்னமோ உண்மைய சொல்ல வாய் வரல.

ஒரே ஒரு எச்சரிக்கை, தலை கழலற எடத்துல லேசா எண்ணெய் போடணும், இல்லன்னா இறுகிடும். கூட ஒரு சின்ன டப்பா கிரீஸ் வந்துச்சு, தீந்துபோச்சு, வீட்ல தேங்காண்ணெய் இருக்கேன்னு தடவிட்டேன். மார்கழி மொத வாரம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு கோயில்ல பனில உக்காந்து சுருதி சேக்கலாம்னு தலைய இழுக்கறேன், வரல. திருகறேன், வரல. எண்ணெய் உள்ளயே உறஞ்சு போச்சு. ஹார்மோனியம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு அன்னைக்கு முழுக்க ஓடுச்சு, வீட்டுக்கு வந்து வெயில்ல வச்ச அப்பறம்தான் கழண்டுச்சு. இப்ப வாசலின்.